குளத்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

விடுமுறைக்குப் பண்ணை வீடு தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது படங்களைத்தான். நீல ஓடு பதித்த குளம், கரையில் இரண்டு சாய்வு நாற்காலிகள், பின்னால் தென்னந்தோப்பு. நம் குடும்பத்துக்கென்று தனியாக ஒரு குளம் வேண்டும் என்ற ஆசையில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெண்கள் பொது நீச்சல் குளத்தில் காலைக்கூட நனைக்க மாட்டார்கள். மதில் சூழ்ந்த ஒரு தோப்புக்குள் அதே பெண்கள் இருட்டும் வரை தண்ணீரைவிட்டு ஏறாமல் சிரித்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதன்பின் இதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பாப்பிரெட்டிப்பட்டியில் வளர்ந்தவனுக்குத் தண்ணீரைக் கண்டால் கேள்வியும் கூடவே வரும். சேர்வராயன் மலையில் பிறக்கும் வாணியாற்றை நம்பி இருக்கும் ஊர் இது. ஏற்காட்டுப் பக்கம் மழை பிடித்தால் இங்கே அணைக்குத் தண்ணீர் வரும், கிணறு ஊறும். அங்கே பொய்த்தால் இங்கே மஞ்சளும் கரும்பும் மரவள்ளியும் காயும்.

எங்களுக்கு நீச்சல் பழக்கியது கிணறுதான். காய்ந்த சுரைக்குடுக்கையையோ காலி கேனையோ முதுகில் கட்டித் தள்ளிவிடுவார்கள். நீந்தத் தெரியாதவர்களுக்கு பம்புசெட் தொட்டி. மும்முனைக் கரண்ட் வந்த சத்தம் கேட்டதும் வயலுக்கு ஓடுவோம். குழாய்க்கடியில் தலையைக் கொடுத்தால் மூச்சு முட்டும். விலகவும் மனம் வராது. தொட்டி நிரம்பி வாய்க்காலில் இறங்கும் தண்ணீர் நேராக மஞ்சள் பாத்திக்குப் போகும். நாங்கள் எவ்வளவு நேரம் ஆடினாலும் பயிருக்கு ஒரு குடம்கூடக் குறைந்ததில்லை. வயலுக்குப் போகிற தண்ணீர் வழியில் எங்களையும் நனைத்துவிட்டுப் போனது, அவ்வளவுதான்.

பண்ணை வீட்டுக் குளத்தின் கணக்கு வேறு. எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 45,000 லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய நான்கு நடை. ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. அந்த அளவில், ஒரு குளத்தை ஒருமுறை நிரப்பும் தண்ணீர் ஐந்து பேர் குடும்பத்துக்கு ஐந்து மாதத்துக்கு மேல் வரும். வெயில் காலத்தில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியானால்கூட 160 லிட்டர் போய்விடும். அது மூன்று பேரின் ஒருநாள் பங்கு. 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் வறட்சியில் தவித்தபோது, ஆளுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்படுத்தி, குடிநீரால் நீச்சல் குளத்தை நிரப்பவும் தடை போட்டது.

தருமபுரி மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு. எங்கள் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். பற்களில் கறை விழுந்து, மூட்டு மடக்க முடியாமல் போன பெரியவர்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம். அதனால்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த காவிரித் தண்ணீரில் ஒரு வாளிகூடக் குளத்துக்குப் போகக் கூடாது. 1990 முதல் விவசாயிகளுக்குக் கட்டணமில்லாமல் கிடைக்கும் பம்புசெட் கரண்டும் அப்படித்தான். அது பயிருக்காகக் கொடுத்தது, விருந்தாளிக்காக அல்ல.

பெங்களூரில் இருக்கும் என் அக்கா மகன், குடும்பத்தோடு சேர்ந்து தங்க வீடு பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, இங்க ஒவ்வொரு பார்ட்டிக்கும் குளத்துத் தண்ணிய முழுசா மாத்திடுவாங்களாம். சுத்தமா இருக்கும்" என்றான்.

"அப்படின்னா அங்க ஃபில்டர் சரியில்லடா. அந்த வீடு வேண்டாம்" என்றேன்.

பலருக்கு இது தெரிவதில்லை. மணல் ஃபில்டரும் மோட்டாரும் ஒழுங்காக ஓடி, குளோரின் ஒன்றிலிருந்து மூன்று பிபிஎம் வரையும், பிஎச் 7.2லிருந்து 7.8 வரையும் நின்றால், அதே தண்ணீரை மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். அடித்தரை பளிச்சென்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இறங்கக் கூடாது. கண் எரிகிற அளவுக்கு மருந்து நெடி அடித்தால் அதுவும் நல்ல குறி அல்ல. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்தால்தான் அந்த நெடி வரும்.

பிள்ளைகள் வருவதாக இருந்தால் எனக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் வேலிதான். பிரான்சில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் வீட்டுக் குளத்துக்கும் வேலி, அலாரம், மூடி, கூரை இவற்றில் ஒன்றைக் கட்டாயமாக்கியது. நம் பண்ணை வீடுகளில் படுக்கையறைக் கதவைத் திறந்தால் நேரே குளம். அதையே பெருமையாகப் படம் போடுகிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளை விடியற்காலையில் எழுந்து தானாக நடந்து போகும். குழந்தை மூழ்குவது சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும். பெரியவர்கள் பத்துப் பேர் இருக்கும் வீட்டில், எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று யாரும் பார்க்காமல் விடுவதும் உண்டு. அதனால் எங்கள் வீட்டில் மணிக்கு ஒருவர் முறைவைத்துக் கரையில் உட்காருவோம். அந்த ஒருவர் கையில் போன் கூடாது.

எப்போது போவது என்பதும் தேர்வில் சேர்ந்ததுதான். பள்ளிக்கூடம் விடுகிற சித்திரை, வைகாசியில்தான் எல்லோரும் குளம் தேடுகிறார்கள். அப்போதுதான் எங்கள் கிணறுகளும் அடி காண்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் வரும் அரையாண்டு விடுமுறையில் மலையடிவாரம் முழுக்கப் பச்சை. கிணற்றிலும் தண்ணீர் மேலே நிற்கும்.

கடைசியில் மஞ்சவாடிக் கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு தோப்பு வீட்டை டிசம்பருக்குப் பேசி முடித்தோம். குளம் படத்தில் பெரிதாகத் தெரியாது. பெரியவர்களுக்கு மார்பளவு ஆழம்தான். சுற்றிலும் கம்பி வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. தண்ணீர் மாற்ற வேண்டி வந்தால் மருந்து போடுவதை நிறுத்திச் சில நாள் வெயிலில் விட்டுத் தென்னைக்குப் பாய்ச்சுவதாகக் காவல்காரர் சொன்னார். "உப்புப் போடுற குளம் இல்லீங்களே?" என்று கேட்டேன், உப்புத் தண்ணீர் மண்ணைக் கெடுத்துவிடும். "இல்லீங்க, மரம் நம்மளுது ஆச்சே" என்றார். வாடகை மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்தக் கூடுதல் வேலிக்கும் ஃபில்டருக்கும் போகிறது என்று தெரிந்ததால் பேரம் பேசவில்லை.