கம்பளிக்கு அடியில்

திருப்பனந்தாளுக்குத் தூர தேசப் பயணம் புதிய சங்கதி அல்ல. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டில் காசிக்குப் போனார். அங்கே மடம் கட்ட இடம் வேண்டும். கொடுக்கக்கூடியவர்கள் மொகலாய ஆட்சியாளர்கள். அவர்கள் பேசுவதோ இந்துஸ்தானி. கலைமகளைப் பாடி அந்தப் பாஷையைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது மரபு வழியாக வரும் வரலாறு. சகலகலாவல்லி மாலை அப்படிப் பிறந்ததுதான். பிறகு சிங்கத்தின் மேல் ஏறித் தர்பாருக்குப் போனார் என்றும் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்தச் சிங்கம் அத்தனை முக்கியமாகப் படவில்லை. வேற்றூரில் இறங்கியவர் முதல் காரியமாகத் தமக்குத் தெரியாததைக் கேட்டார் பாருங்கள், அதுதான் பெரிசு. அவர் மரபில் வந்த தில்லைநாயக சுவாமிகள் 1720-ல் எங்கள் ஊரில் காசி மடத்தை நிறுவினார். அதன் மதிலோரம் விளையாடி வளர்ந்த பிள்ளைகள் இப்போது காசியையும் தாண்டிப் போகிறார்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் அக்டோபர் மாதத்தில் ஜெர்மனிக்குப் போனான். டிரெஸ்டன் நகரத்தில் எஞ்சினீயரிங் மேல்படிப்பு. அந்த நாட்டில் பெரும்பாலான சர்க்கார் சர்வகலாசாலைகளில் படிப்புக்குச் சம்பளம் இல்லை. அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதற்குள் இன்னொன்று வரும். ஒரு வருஷ ஜீவனத்துக்கு வேண்டிய பணத்தை முன்னதாகவே ஒரு கணக்கில் கட்டிக் காட்ட வேண்டும். அவன் போனபோது அது 11,904 யூரோ. மாதம் 992 யூரோ வீதம்தான் எடுக்கலாம். நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். தகப்பனார் ஆறு மா நஞ்சையை ஈடு வைத்தார். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று அவர் திண்ணையில் உட்கார்ந்து யாரோடும் பேசவில்லை.

பையன் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை இரவு. மறுநாள் ஞாயிறு. அங்கே ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கூடாது என்பது சட்டம். ரயில் நிலையத்துக்குள் இருப்பவை போலச் சில கடைகளுக்குத்தான் விலக்கு. அங்கே போய் ரொட்டி வாங்கித் தின்றான். சரி, முதல் நாள். திங்கட்கிழமையும் ரொட்டி. செவ்வாயும் ரொட்டி. பெட்டியில் ஐந்து கிலோ பொன்னி அரிசி, குக்கர், பருப்புப் பொடி, வற்றல், ஊறுகாய், எல்லாம் இருக்கின்றன. புதன்கிழமை அவன் தாயார் என்னிடம் வந்தாள்.

“நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்கண்ணே. என்கிட்ட சிரிச்சுச் சிரிச்சுப் பேசறான். எனக்கு அந்தச் சிரிப்பு புடிக்கலை.”

பேசினேன். முதலில் மழுப்பினான். அப்புறம், “அடுப்பு பத்தலை பெரியப்பா” என்றான்.

அது கண்ணாடி அடுப்பு. திருகு கிடையாது, விரலால் தொட வேண்டுமாம். தொட்டால் ஒரு சாவிப் படம் மினுக்கென்று தெரிந்துவிட்டு அணைந்துவிடுகிறது. ஐந்து பேருக்குப் பொதுவான சமையலறை.

“கூட இருக்கிறவங்களைக் கேக்கறதுதானே?”

“எஞ்சினீயரிங் படிச்சுட்டு, அடுப்புப் பத்த வைக்கத் தெரியலைன்னு எப்படிக் கேக்கறது?”

அவனுக்கு ராமானுஜன் கதையைச் சொன்னேன். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணியில் கும்பகோணம். அங்கே சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்த கணித மேதை, 1914 மார்ச் 17-ந் தேதி சென்னையில் கப்பல் ஏறினார். ஏப்ரல் 14-ந் தேதி லண்டன். நெவில் என்ற பேராசிரியர் வந்து அழைத்துப் போய், கேம்பிரிட்ஜில் தம் வீட்டிலேயே சில வாரம் வைத்துக்கொண்டார். அதுவரை கவலை இல்லை. டிரினிடி கல்லூரி அறைக்குத் தனியே குடிபோன பிறகுதான் சிரமமெல்லாம். காலில் பூட்ஸ் கடித்தது. மரக்கறிச் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் தாமே பொங்கித் தின்றார். ராத்திரியானால் குளிர்.

அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காளத்து மாணவர் மகலனோபிஸ், பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர், ஒரு நாள் பார்க்க வந்தார். ராத்திரி குளிர் தாங்குகிறதா என்று விசாரித்தார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையையும் சுற்றிக்கொண்டு படுப்பதாக ராமானுஜன் சொன்னார். மகலனோபிஸுக்குச் சந்தேகம் வந்து படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் அவை மெத்தையோடு மெத்தையாக இறுகச் செருகப்பட்டு, மேலே விரிப்புப் போட்டு மூடியிருந்தன. உருவி விலக்கி உள்ளே நுழைந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. அத்தனை நாளும் விரிப்பின் மேலேயே படுத்திருந்தார்!

இதைச் சொல்லிச் சிரிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பாயும் தலையணையும் போர்வையுமாக வளர்ந்தவன், போர்வையை மெத்தைக்கு அடியில் செருகி ஒளித்து வைப்பார்கள் என்று எப்படிக் கண்டான்? 1913 ஜனவரியில், முன்பின் தெரியாத ஹார்டிக்குப் பக்கம் பக்கமாகத் தேற்றங்களை எழுதி அனுப்பக் கூசாத மனிதர் அவர். கம்பளியைப் பற்றி மட்டும் யாரையும் கேட்கவில்லை. பெரிய விஷயத்தைக் கேட்டால் பெருமை; சின்ன விஷயத்தைக் கேட்டால் தலை குனிவு. (பின்னால் வந்த நோய்க்கும் இந்தக் குளிரைக் குற்றம் சொல்லாதீர்கள். அது ஈரலைத் தாக்கிய அமீபாவாக இருக்கலாம் என்று 1994-ல் ஒரு மருத்துவர் ஆராய்ந்து எழுதினார்.)

கதையைச் சொல்லி முடித்துவிட்டு, பையன் உற்சாகமாகிவிடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான்.

“அவர்கிட்ட ஒருத்தர் வந்து கேட்டாரு இல்லை பெரியப்பா? இங்க யாரும் கேக்கலை.”

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் ஊர்ச் செஞ்சடையப்பர் நினைவு வந்தது. பூமாலையோடு நின்ற தாடகைக்கு உடை நெகிழ்ந்தது. ஆடையை இடுக்கிக்கொண்டு கையைத் தூக்க முடியாமல் அவள் தவித்தபோது, அவள் கேட்காமலே சுவாமி தலையைச் சாய்த்து மாலையை வாங்கிக்கொண்டார் என்பது ஸ்தல புராணம். சாய்ந்த லிங்கத்தைக் குங்கிலியக் கலய நாயனார் தம் கழுத்தில் கயிறு பூட்டி இழுத்து நிமிர்த்தினார் என்பார்கள். அதெல்லாம் எங்கள் ஊர். எல்லா ஊரிலும் சுவாமி சாய்வார் என்று அந்தப் பிள்ளையிடம் நான் எப்படிச் சொல்வது?

“நாளைக்கும் ரொட்டின்னா உங்க அம்மா இங்க சாப்பிடமாட்டா” என்றேன். அது நிஜம். அதற்குள்ளேயே அவள் ஒரு வேளைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அடுத்த அறைக் கதவைத் தட்டினானாம். வியட்நாமிலிருந்து படிக்க வந்த பெண். அந்தச் சாவிப் படத்தின் மேல் விரலை மூன்று விநாடி அழுத்திக்கொண்டிருந்தாள், அடுப்பு எரிந்தது. குழந்தைகள் தொட்டுவிடாமல் இருக்கப் போட்ட பூட்டாம் அது. வந்த புதிதில் தானும் இரண்டு நாள் பட்டினி என்று அவள் சொன்னாளாம். மறுநாள் அவளே அவனை நகராட்சி அலுவலகத்துக்கும் அழைத்துப் போனாள். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் விலாசத்தைப் பதிந்தாக வேண்டுமாம்.

இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் சோற்றின் படம் வந்தது. குழைந்துதான் இருந்தது. தாயார் தெருவிளக்கடியில் நின்று கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு போன் செய்தாள்.

“அந்தப் பொண்ணுக்கு ஒரு வாய் குடுத்தியாடா?”

“பருப்புப் பொடி அவங்களுக்குக் காரம்மா.”

“நெய் ஊத்தினியா?”

“இங்க வெண்ணெய்தாம்மா இருக்கு.”

“காய்ச்சினா நெய்யிடா. அதான் அடுப்பு எரியுதே!” என்றாள்.