அப்பா தொடவிடாத கரண்டி

போன வாரம் புனேயில் எங்கள் சைட்டுக்குப் புதிதாக வந்த பையன், ரெடிமிக்ஸ் லாரி வந்ததும் கையை பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றான். "ஸ்லம்ப் எடுப்பா" என்று எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் சொன்னேன். அவன் ஹெல்பரைத் திரும்பிப் பார்த்தான். திட்ட வாய் வரவில்லை. 2007 ஜனவரியில் அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்து அர்பானா-ஷாம்பெய்னில் நானும் அப்படித்தான் நின்றேன்.

எம்.எஸ். படிக்கப் போயிருந்தேன். அதுவும் சிவில். கூட வந்த நம்மாட்கள் முக்கால்வாசிப் பேர் பொட்டி தட்டப் போகிறவர்கள். "சிவிலா? அதுக்கு எதுக்குங்க அமெரிக்கா?" என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. ஃபஸ்லூர் கானை எடுத்து விடுவேன். டாக்காவிலிருந்து 1952-ல் இதே பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர். மூன்றே வருடத்தில் இரண்டு முதுகலைப் பட்டமும் ஒரு டாக்டர் பட்டமும் வாங்கினார். 1998 வரை உலகத்திலேயே உயரமாக இருந்த சிகாகோவின் 110 மாடி சியர்ஸ் டவர் எப்படி நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டவர் அவர்தான். "அவரும் சிவில்தாங்க" என்றால் கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். (எனக்கும் அவருக்கும் ஒற்றுமை அந்த ஊர் குளிர் மட்டும்தான், ஹி ஹி.)

முதல் செமஸ்டருக்கு வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்துக் கடன். இரண்டாவது செமஸ்டரில் காங்கிரீட் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஃபீஸ் கிடையாது, மாதச் சம்பளம் வேறு. அந்த வேலை போனால் பத்திரம் வீடு திரும்பாது.

முதல் நாள் பேராசிரியர் முழங்கால் வரை பூட்ஸ் போட்டு, கையில் ஷவலோடு நின்றார். இன்னொரு ஷவலை என்னிடம் நீட்டினார். கலக்குகிற ஆள் எங்கே என்று சுற்றிப் பார்த்தேன். நான்தான் ஆள்.

என் அப்பா கொத்தனார். பள்ளி லீவில் சோறு கொண்டு போகும்போது கரண்டியையோ மணியாசுக் கட்டையையோ தொட்டால் போதும், புறங்கையில் ஒரு தட்டு விழும். "இது உனக்கில்ல, போய்ப் படி." படித்தேன். ஊரில் நாலு வருட பி.இ.யிலும் லேபில் கலவை போட்டது அட்டெண்டர். நாங்கள் தள்ளி நின்று ரீடிங் எழுதினோம். அதையும் சீனியர் ரெக்கார்டைப் பார்த்துத்தான்.

கலவை கெட்டியாக, ஷவலை இழுத்தால் வர மாட்டேன் என்றது. நம்மூர் சைட்டில் பார்த்த ஞாபகத்தில் ஒரு மக் தண்ணீரைச் சேர்த்து ஊற்றினேன். ஆஹா, வெண்ணெய் மாதிரி புரண்டது. ஸ்லம்ப் கூம்பின் உயரம் 12 அங்குலம். மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 குத்து குத்தி, கூம்பைத் தூக்கினால் கலவை எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். 4 அங்குலம் இறங்க வேண்டியது 9 அங்குலம் இறங்கி, கஞ்சி மாதிரி பரவிவிட்டது. பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே அச்சில் போடச் சொன்னார்.

28 நாள் கழித்து அழுத்திப் பார்த்தோம். 4000 பி.எஸ்.ஐ. வர வேண்டிய உருளை 2900-லேயே நொறுங்கியது. தண்ணீர் கூடினால் வலு குறையும் என்று டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே சிகாகோவில் சோதித்து எழுதிவிட்டார். நானும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்! "சனிக்கிழமை வந்து திரும்பப் போடு" என்று மட்டும் சொன்னார் பேராசிரியர். வேலை தப்பியது. (அங்கே உருளை, இங்கே கனசதுரம். ஒரே காங்கிரீட் உருளையில் சுமார் 80 சதவீதம்தான் காட்டும். புனே வந்தபின் இதில் நான் குழம்பியது தனிக்கதை.)

ஞாயிறு போனில் அப்பா கேட்பார், "என்ன வேலைப்பா அங்க?" "ஆராய்ச்சிப்பா." சிமெண்ட் என்ற வார்த்தையை எடுக்கவே மாட்டேன்.

2007 டிசம்பரில் லீவுக்கு ஊருக்குப் போனேன். சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா என் விரல் இடுக்கில் இருந்த வெடிப்பைப் பார்த்துவிட்டார். கையுறை கொடுப்பார்கள்தான், எனக்குத்தான் கழற்றிப் போடுகிற புத்தி. "சிமெண்டு" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"மூட்டைக்கு எவ்ளோ தண்ணி விடுவாங்க அங்க?"

"50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் கணக்குப்பா. அதுக்கு மேல போனா வலு கம்மி."

சிரித்தார். "25 லிட்டர்ல கலவை நகராதேப்பா." நகர வைக்க மருந்து இருக்கிறது, வைப்ரேட்டர் இருக்கிறது என்றேன். சிரிப்பு நின்றது. தலைக்கு மேல் இருந்த தளத்தை நிமிர்ந்து பார்த்தார். 1996-ல் அவரே ஆள் வைத்துப் போட்டது. பேங்கில் பத்திரம் இருந்ததும் அந்த வீட்டுக்குத்தான்.

"அப்போ நாங்க போட்டதெல்லாம்?"

எனக்குப் பதில் வரவில்லை. அவரே சொன்னார், "இருபத்தொரு நாள் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தினோம்ல."

நிறுத்தினோம்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் குடம் குடமாக மேலே தூக்கிப் போய் ஊற்றியது நான்.