கார் விற்ற மாளிகை

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், ஃபோர்ட் வெய்ன் நகரிலிருந்து வடக்கே அரை மணி நேரம் போனால் ஆபர்ன். சின்ன ஊர்தான். கடைத்தெருவைத் தாண்டித் தெற்கே நடந்தேன். ஊரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத மிடுக்கோடு நின்றது அந்தக் கட்டடம். ஆபர்ன் ஆட்டோமொபைல் கம்பெனி 1930-இல் தன் தலைமை அலுவலகமாகவும் ஷோரூமாகவும் கட்டியது. வரைபடம் போட்டவர் ஆல்வின் ஸ்ட்ராஸ்.

குதிரை வண்டி செய்துவந்த எக்கார்ட் குடும்பம் 1900-இல் தொடங்கிய கம்பெனி இது. 1924-இல் இ. எல். கார்ட் பொறுப்பேற்றபோது விலைபோகாத கார்கள் வரிசையாக நின்றன. அடிப்படையில் அவர் விற்பனையாளர். கார்களுக்குப் பளிச்சென்று புதுச் சாயம் அடித்து, நிக்கல் மினுக்கு ஏற்றி, விற்றுத் தீர்த்தார். கண்ணைக் கவர்ந்தால் கை பணத்தை எடுக்கும் என்ற அந்தக் கணக்கில்தான் ஷோரூமும் எழுந்திருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் காரைவிடத் தரைதான் என்னை நிறுத்தியது. கோணம் கோணமாக நிறம் பிரித்த மொசைக். மேலே சரவிளக்குகள், கூரையை ஒட்டிச் சுதை வேலைப்பாடு. தெருப்பக்கம் பெரிய கண்ணாடிகள். பகல் வெளிச்சம் நீளவாக்கில் காரின் மேல் விழுகிறது. நகைக்கடைக்காரர் விளக்கு வைக்கும் சூட்சுமம்தான். பின்பக்கம் போனால் கம்பெனியின் பழைய பட்டறைக் கட்டடங்கள். அங்கே அலங்காரம் என்று ஒன்றுமில்லை. வாங்குகிறவர் கண்படும் இடத்துக்கு மட்டும் தாராளமாகச் செலவழித்திருக்கிறார்கள்.

மாடியில் வடிவமைப்பாளர்களின் அறை. இங்கேதான் வடிவமைப்பாளர் கார்டன் பியூரிக்கும் அவர் குழுவும் கம்பெனியின் 'கார்ட் 810' காருக்கு உருக்கொடுத்தார்கள். முன்சக்கரங்களால் இயங்கும் கார். முகப்பு விளக்குகள் மட்கார்டுக்குள் மறைந்துகொள்ளும். 1935-இல் நியூயார்க் கண்காட்சியில் கூட்டம் மொய்த்தது.

ஆனால் காலம் பொல்லாதது. பங்குச்சந்தை 1929-இல் சரிந்த மறுவருடமே திறந்த ஷோரூம் இது. கடை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்குகிறவர் கையில் காசு வேண்டுமே. 1937-இல் கார் தயாரிப்பு நின்றது. கட்டடம் உதிரிபாகக் கடையாகி, 1974-இல் அருங்காட்சியகமானது. 2005-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கம்பெனியைக் காக்க முடியாத அழகு, கட்டடத்தைக் காத்துவிட்டது.

போகிறவர்கள் செப்டம்பர் முதல் வாரம் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டிப் போங்கள். அப்போது நடக்கும் விழாவில் இந்தக் கார்கள் ஊர்த் தெருக்களில் ஓடுவதையே பார்க்கலாம்.