அடுப்படிச் சுவரில் ஒரு கணக்கு

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு ஆசிரியர்கள் கேட்டபோது, சிக்கனத்தையும் சேமிப்பையும் பொருளாகக் கொள்ளலாம் என எண்ணினேன். இத்தலைப்பு நம் பள்ளிக்குப் புதியதன்று. ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டியில் இடம்பெறுகிறது. மாணவருள் முக்கால்வாசிப் பேர் "சிறுதுளி பெருவெள்ளம்" என்று தொடங்கி, உண்டியலில் பத்துக் காசு போட்டு முடிக்கின்றனர். கையெழுத்து அழகாகவே இருக்கிறது. ஆயினும், தோட்டத்து வீட்டில் பணம் எப்போது வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்பதை அக்கட்டுரைகளில் நான் கண்டதில்லை. அதனை நானே எழுதிப் பார்க்கத் துணிந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது கோலசிலாங்கூர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். தந்தையார், தாயார் இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். 1970களில் எங்கள் லயத்து வீடுகள் அனைத்துக்கும் ஒரே மளிகைக் கடைதான் இருந்தது. சம்பள நாளன்று மட்டுமே கையில் ரொக்கம் இருக்கும். மற்ற நாள்களில் எல்லாம் பற்றுத்தான். அரிசி, சீனி, நெத்திலி, மண்ணெண்ணெய், டின் பால் என எதை வாங்கினாலும் கடைக்காரர் தம் நீண்ட புத்தகத்தில் எழுதிக்கொள்வார். எழுதுபவரும் அவரே, கூட்டிச் சொல்பவரும் அவரே. வாங்கியவர்களுள் பலர் படிக்கத் தெரியாதவர்கள். அவர்களுடைய கடன், அவர்கள் படிக்கவியலாத ஒரு புத்தகத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.

என் தாயாருக்கும் எழுத்துத் தெரியாது. ஆனால் அடுப்புக்குப் பின்னாலிருந்த பலகைச் சுவர் அவருக்குப் புத்தகமாக இருந்தது. அரிசித் தகரத்துக்கு நேர் மேலே ஓரிடம், சீனி டப்பாவுக்கு நேர் மேலே ஓரிடம், டின் பாலுக்கு ஓரிடம் என வகுத்திருந்தார். பொருள் வீட்டுக்குள் வந்தவுடன் கரித்துண்டால் ஒரு கோடு. அரைக் கட்டி வாங்கினால் அரைக்கோடு. (அக்காலத்துக் கடையில் நிறுவை கிலோவில் இல்லை. 16 தாஹில் சேர்ந்தது ஒரு கட்டி. ஒரு கட்டி ஏறக்குறைய 605 கிராம். மாணவர்கள் தங்கள் பாட்டியைக் கேட்டுப் பார்க்கலாம்.) சம்பளம் போட்ட மாலை, கோடுகளை எண்ணி மனத்தில் இருத்திக்கொண்டு கடைக்குச் செல்வார். கடனைக் கட்டிவிட்டு வந்ததும் ஈரத்துணியால் சுவரைத் துடைத்துவிடுவார்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது ஒருநாள் என்னையும் உடன் அழைத்துச் சென்றார். கடைப் புத்தகத்தில் எங்கள் வீட்டுப் பக்கத்தை வரிவரியாக உரக்கப் படிக்கச் சொன்னார். டின் பால் ஆறு என்று படித்தேன்.

"முதலாளி, ஆறு என்று தம்பி படிக்கிறான். என் சுவரில் நாலு கோடுதான் இருக்கிறது" என்றார் தாயார்.

"உங்கள் வீட்டுச் சுவர் என்னம்மா, கிராணியாரா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

தாயார் சிரிக்கவில்லை. வாங்கிய நான்கு நாள்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்று மாரியம்மன் திருவிழாவுக்கு முதல் நாள். ஒன்று தங்கைக்குக் காய்ச்சல் கண்ட நாள். மற்ற இரண்டும் அடுத்தடுத்த இரு வெள்ளிக்கிழமைகள். கடைக்காரர் பென்சிலை எடுத்து இரண்டு வரிகளை அடித்தார். அது கைத்தவறா, வேண்டுமென்றே செய்ததா என்று நான் இன்றும் தீர்ப்புக் கூற மாட்டேன். லயம் முழுமைக்கும் கணக்கை இரவு விளக்கில் எழுதுபவருக்குக் கை தவறக்கூடும். மேலும், மழை பெய்து வேலையில்லாத வாரங்களில் முகம் கோணாமல் அரிசி அளந்து தந்தவரும் அவரே.

மறுநாளே பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சிட்ட பள்ளிக் குறிப்பேடு ஒன்றைத் தாயார் வாங்கித் தந்தார். அன்றுமுதல் வீட்டுக் கணக்கு எழுதுவது என் வேலையாயிற்று. ஆயினும் ஓராண்டுவரை அவர் சுவரையும் கைவிடவில்லை. மாதக் கடைசியில் என் எழுத்தைக் கரிக்கோட்டோடு ஒத்துப் பார்த்த பின்னரே ஏற்றுக்கொள்வார். பிற்காலத்தில் ஆசிரியர்ப் பயிற்சிக் கல்லூரியில் மதிப்பீடு குறித்து நான் கேட்ட விரிவுரைகளில் இதைவிடத் தெளிவான பாடம் இருந்ததாக நினைவில்லை.

இரண்டு மூன்று ஆண்டுக் குறிப்பேடுகள் சேர்ந்தபின் ஓர் உண்மை புலப்பட்டது. எங்கள் வீட்டில் கடன் ஏறிய மாதங்கள் எல்லா ஆண்டும் ஒன்றாகவே இருந்தன. அக்டோபர், நவம்பரில் மழை மிகும். காலையில் மழை பெய்தால் மரம் வெட்ட இயலாது. வெட்டில்லையேல் கூலியும் குறைவு. தீபாவளி வருவதோ அம்மழைக்குள்தான். சனவரியில் பொங்கலும், சனவரியிலோ பிப்ரவரியிலோ தைப்பூசமும் வரும். அக்காலத்தில் பள்ளி திறப்பதும் சனவரியில்தான். சீருடை, காலணி, புத்தகம் என மூன்று பிள்ளைகளுக்கும் செலவு. மூச்சு விடுவதற்குள் பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கத் தொடங்கும், பால் வற்றும். ஆக, செலவு மிகுந்த மாதங்களும் வரவு குன்றிய மாதங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. தோட்டத் தொழிலாளி ஊதாரித்தனத்தால் கடன்படுகிறான் என்று மேடையில் பேசுவோர் உண்டு. கள்ளுக்கடையில் சம்பளத்தை இழந்தவர்கள் இருந்தனர், மறுப்பதற்கில்லை. ஆனால் கள்ளைத் தொடாத எங்கள் வீட்டுக் கணக்கிலும் கடன் இருந்தது. அதைக் கொண்டுவந்தது நாள்காட்டி.

இது தெரிந்தபின் தாயார் செய்தது எளிது. ஆண்டின் நடுப்பகுதியில் பால் நன்றாகச் சுரக்கும் மாதங்களில், தீபாவளிக்கென்றும் பள்ளிக்கென்றும் தனித்தனியே பணத்தை எடுத்து வைத்தார். மிஞ்சியதை எடுத்து வைக்கவில்லை. சம்பளம் வந்த அன்றே முதலில் எடுத்து வைத்தார். தபால் நிலையச் சேமிப்பு வங்கியின் பணியை ஏற்று, தேசியச் சேமிப்பு வங்கி 1974 டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கப்பட்டிருந்தது. அதில் அவர் பெயரில் கணக்குத் திறந்தோம். கையொப்பத்திற்குப் பதிலாகப் பெருவிரல் ரேகை. பற்று தீர்ந்து ரொக்கம் கைக்கு வந்ததும் மற்றொரு நன்மை விளைந்தது. கடன் உள்ளவர் கடையை மாற்ற இயலாது. ரொக்கம் உள்ளவர் பட்டணத்திற்குப் பேருந்தேறலாம். அண்டை வீட்டார் இருவரோடு சேர்ந்து ஒரு மூட்டை அரிசி வாங்கி மூன்றாகப் பங்கிட்டோம்.

இவ்வளவு பாடும் எதற்காக எனக் கேட்கலாம். லயத்து வீடு நமக்குச் சொந்தமானதன்று. வேலை உள்ளவரைதான் வீடு. 1990இல் தந்தையார் 55 வயதில் ஓய்வு பெற்றபோது வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. மலிவு விலை வீட்டின் உச்ச விலை அக்காலத்தில் 25,000 வெள்ளி. பத்து விழுக்காட்டு முன்பணம் 2,500 வெள்ளியைத் தாயாரின் சேமிப்புப் புத்தகத்திலிருந்து எடுத்தோம். எஞ்சியதற்குத் தந்தையாரின் ஊழியர் சேமநிதியும் என் ஆசிரியர்ச் சம்பளமும் உதவின. எங்களுக்கு முன்னும் பின்னும் ஓய்வு பெற்ற சில குடும்பங்கள், பட்டணத்து ஓரத்தில் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டிக் குடியேறின. அவர்களும் எங்களைப் போலவே உழைத்தவர்கள்தாம். அவ்வீடுகளுள் சில பின்னர் உடைபட்டதையும் பார்த்தேன்.

தனியொரு குடும்பத்தின் சேமிப்புக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் கூற வேண்டும். விடுதலைக்குப் பின் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தொழிலாளர் வேலையும் வீடும் ஒருசேர இழந்தனர். அதனைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கு பெறலாம் எனத் தோட்டம் தோட்டமாகச் சென்று எடுத்துரைத்தார். அப்பணத்தில் 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பத்து வெள்ளி அன்று ஒரு தொழிலாளிக்குச் சிறு தொகையன்று.

இனி இன்றைய நிலை. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. பற்றுப் புத்தகம் வைத்த கடைகள் அருகிவிட்டன. ஆயினும் பற்று ஒழிந்துவிட்டதா? கைப்பேசிக்குள் குடிபுகுந்திருக்கிறது. பொருளை இன்றே எடுத்துக்கொள், பணத்தை மூன்று தவணையில் கட்டு என்கிறது. முன்பாவது கடைக்கு நடந்து செல்ல வேண்டும். வழியில் மனம் மாற வாய்ப்புண்டு. இதைவிடக் கொடியது உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம் வாங்குவது. "பத்துக்கு இரண்டு" என்பது காதுக்குச் சிறியதாக ஒலிக்கிறது. மாதத்துக்கு 20 விழுக்காடு, ஆண்டுக்கு 240. ஈடில்லாக் கடனுக்கு உரிமம் பெற்றவர் ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கலாகாது என்கிறது வட்டித் தொழில் சட்டம். இவ்விரு எண்களையும் ஆறாம் ஆண்டு மாணவர்கள் அருகருகே எழுதிப் பார்க்கட்டும்.

கடைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. பொட்டலத்தின் விலையை மட்டும் பாராமல் எடையையும் பாருங்கள். 850 கிராம் 7 வெள்ளி 65 காசு, ஒரு கிலோ 8 வெள்ளி 50 காசு, இரண்டு கிலோ 17 வெள்ளி 60 காசு என்று வைத்துக்கொள்வோம். 100 கிராமுக்கு முறையே 90, 85, 88 காசு. பெரிய பொட்டலமே மலிவு என்று யார் சொன்னார்கள்? 2008 ஏப்ரல் முதல் மொத்தத் தொகையை ஐந்து காசுக்குத் திருத்துகின்றனர். தனித்தனிப் பொருளுக்கு அன்று. ரசீதில் அதையும் சரிபார்க்கலாம். ஆண்பிள்ளைகள் கடைக்கும் சமையலறைக்கும் போவது கூடாது என்று எண்ணும் பெற்றோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடிய தாயாருக்கு, குழாயடியில் வரிசை நின்று தண்ணீர் சுமந்தவன் நான். அதனால் என் படிப்புக் கெடவில்லை.

நம் பள்ளியில் நான்கு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான மாணவர்களை ஒரு மாதம் வீட்டுக் கணக்கு எழுதச் செய்தோம். ஒரு மாணவி, நால்வர் உள்ள தன் வீட்டில் கைப்பேசிக்குச் செலவிட்டது அரிசிச் செலவைவிட அதிகம் எனக் கண்டுபிடித்தாள். அவள் தந்தையார் அதன்பின் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. வேறொரு பெற்றோர் அலுவலகத்திற்கே வந்து, "ஐயா, எங்கள் கடன் பிள்ளைக்கு எதற்குத் தெரிய வேண்டும்?" என்று வருத்தத்தோடு கேட்டார். அவர் வருத்தம் நியாயமானதே. வறுமை பிறர் வாயில் பேச்சாவதை எவரும் விரும்பார். ஆனால் தீபாவளிக்குப் புதுக் காலணி ஏன் இல்லை என்பது பிள்ளைக்குக் கணக்காகத் தெரிந்தால், தன்மேல் அன்பில்லை என அது எண்ணாது என்றேன். அவர் முழுமையாக உடன்பட்டதாகத் தெரியவில்லை. இருப்பினும் அவர் சொன்னதில் ஒன்றை ஏற்று முறையை மாற்றியுள்ளோம். குறிப்பேடு வீட்டிலேயே இருக்கும்; பள்ளிக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. மாணவர் கடை ரசீது ஒன்றையோ கூட்டல் கழித்தல் செய்த தாளையோ மட்டும் கொண்டுவந்தால் போதும்.

குறிப்பேடு தேவைப்படும் பெற்றோர் அலுவலகத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கி வைத்திருக்கிறது. எழுதப் பழக்கமில்லாதவர்கள் பிள்ளையை அருகில் அமர்த்திச் சொல்லச் சொல்ல எழுதச் செய்யலாம். தாளைக் கொண்டுவந்தால் கழித்தலில் பிழையிருப்பின் திருத்தித் தருவோம். எதற்குச் செலவிட்டீர்கள் என்று கேட்கமாட்டோம்.