விற்றதா, ஒப்படைத்ததா?

கரைத்தீவிலிருந்து வந்த மாஸ்டர் என் மேசையில் வைத்தது ஒரு பாதித் தாள். நூலின் பெயர், 150 பிரதிகள், விலை 400 ரூபாய், கழிவு 35 வீதம். கீழே கடைப் பணியாளரின் கையொப்பமும் திகதியும். கடை தனக்கு 39,000 ரூபாய் தரவேண்டும் என்பது அவர் கணக்கு. வாடிகளிலும் கரைவலைக்காரரிடமும் கேட்டுச் சேர்த்த பாடல்களையும் கதைகளையும் ஓய்வூதியப் பணத்தில் 500 பிரதிகள் அச்சிட்டிருந்தார். கடைக்குக் கொடுத்து இரண்டு ஆண்டு நெருங்கியிருந்தது. ஒரு சதமும் வரவில்லை.

இலங்கையில் சொந்தச் செலவில் தமிழ் நூல் போடுகிறவருக்குப் பெரும்பாலும் விநியோகஸ்தரும் அவரேதான். வெளியீட்டு விழாவில் முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் அச்சுக்கூலியில் ஒரு பகுதியை மீட்டுத் தரும். மிச்சம் 'வித்ததும் காசு' என்ற வாய்ப்பேச்சில் கடைகளுக்குப் போகும். 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, இதழைச் சுமந்துசென்று யாழ்ப்பாணத் தெருக்களில் தாமே விற்றவர். வாசகனிடம் நேரே காசு வாங்கியவருக்கு இப்படியொரு வழக்கு வந்திராது. ஆனால் எல்லோரிடமும் அந்தக் கால்களை எதிர்பார்க்க முடியாது.

சட்டம் கேட்கும் முதற்கேள்வி, அந்த 150 பிரதிகளும் கடைக்கு விற்கப்பட்டனவா, விற்றுத்தரும்படி ஒப்படைக்கப்பட்டனவா என்பது. விற்கப்பட்டன என்றால் முழுத் தொகையையும் கேட்கலாம். ஆனால் விற்றுக் கொடுத்த பொருளின் விலைக்கு 1871இன் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் தருவது ஓர் ஆண்டுதான். ஒப்படைக்கப்பட்டன என்றால், எழுத்தில் இல்லாத உடன்பாட்டுக்கு மூன்று ஆண்டு உண்டு. ஆனால் விற்ற பிரதிகளுக்கு மட்டுமே காசு கேட்கலாம், எத்தனை விற்றது என்பதோ கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். பெரிய தொகை கேட்டால் காலம் போயிற்று; காலம் இருக்கும் வழியில் தொகை சுருங்கிற்று.

நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. விற்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று வாங்கிய பொருளை நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருப்பவர் அதை வாங்கிவிட்டதாகவே 1896இன் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் கொள்கிறது. அந்தக் காலம் கழிந்த நாளிலிருந்தே ஓர் ஆண்டை எண்ணவேண்டும் என்று வாதிட எண்ணினேன். ஒரு புத்தகம் அலுமாரியில் இருக்க நியாயமான காலம் எவ்வளவு என்று கேட்டால், மாஸ்டர் ஒன்று சொல்வார், கடைக்காரர் வேறொன்று சொல்வார்.

இத்தனை சிறிய தொகைக்கு நேரே மாவட்ட நீதிமன்றம் போக முடியாது. முதலில் மத்தியஸ்த சபை. அங்கே இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் கிடைத்தால்தான் வழக்கு. சபையில் கட்சிக்காரர்களே பேசவேண்டும், சட்டத்தரணிக்கு இடமில்லை. என் வாதம் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தது.

கடைக்காரர் கெட்டவர் அல்லர். கொப்பிகளிலும் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்களிலும் பிழைக்கும் கடை அது. "வந்து எடுத்துக்கொண்டு போங்க மாஸ்டர் எண்டு எத்தனை தரம் சொன்னேன்?" என்று கேட்டாராம். அதுவும் உண்மைதான். விற்ற 41 பிரதிகளுக்கும் கறையான் அரித்த 12க்குமாக 13,780 ரூபாய் கொடுத்து, 97 பிரதிகளைத் திருப்பித் தருவதாக உடன்பட்டார். மாஸ்டர் ஒப்பமிட்டார். விற்ற காசைக் கடை இவ்வளவு காலம் வைத்திருந்ததற்கு வட்டி பற்றி யாரும் பேசவில்லை.

கடைக்கடன்கள் விரைவில் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தில் வைத்த ஓராண்டு, பேரேடு வைத்திருக்கும் வியாபாரிகளுக்குப் பொருந்தும். கடைக்காரரை நெருக்கினால் அடுத்த புத்தகத்துக்கு அலுமாரியில் இடமிராது என்று அஞ்சிப் பொறுத்திருக்கும் எழுத்தாளருக்கு, பொறுமையே எதிர்த்தரப்புச் சாட்சியாகிவிடுகிறது.

அடுத்த முறைக்கென்று நான்கு வரி எழுதிக் கொடுத்தேன்: விற்கும்வரை பிரதிகள் ஆசிரியருடையவை, மூன்று மாதத்துக்கொருமுறை கணக்கு, விற்காதவை இன்ன திகதிக்குள் திரும்பவேண்டும், பழுதுக்குக் கடையே பொறுப்பு. இரு தரப்பும் ஒப்பமிட்டால் ஆறு ஆண்டு கிடைக்கும் என்றும் சொன்னேன். மாஸ்டர் இரண்டு முறை படித்தார். "இதில கையெழுத்துக் கேட்டா புத்தகத்தையே எடுக்க மாட்டாங்களே, சேர்." வேண்டாமென்று எழுந்துபோக இரு தரப்புக்கும் முடியும் என்று நம்பித்தான் ஒப்பந்தச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது, அந்த மேசையில் எழுந்துபோகக்கூடியவர் கடைக்காரர் ஒருவர்தான்.