நீலக்கல்லின் முன் நின்ற நேரம்

எங்கள் மகள் செப்டம்பர் மாதத்தில் பிறந்தவள். மணமான பின் இரண்டு முறை கருச்சிதைவின் துயரத்தைக் கண்டவள். அல்லாஹ்வின் அருளால் இப்போது ஏழாம் மாதத்தில் இருக்கிறாள். அவள் மனம் மகிழ ஒரு மோதிரம் அளிக்க விரும்பிக் கணவனும் மனைவியுமாக நாங்கள் மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்குப் புறப்பட்டோம்.

1934ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் ஆளுநர் பொறுப்பைச் சிறிது காலம் வகித்த சர் முகம்மது உஸ்மானின் பெயரைத் தாங்கிய சாலையில், நகைக்கடை ஒன்றில் அமர்ந்தோம். விற்பனையாளர் மகளின் பிறந்த மாதத்தைக் கேட்டார். செப்டம்பர் என்றதும் நீலக்கல் பதித்த மோதிரம் ஒன்றை எடுத்து வைத்தார். “இது அவங்க மாசத்துக் கல் பாய். போட்டிருந்தா கெட்டது எதுவும் அண்டாது” என்றார்.

ஐந்து வேளையும் அல்லாஹ்விடமே உதவி கேட்பவர்கள் நாங்கள். ஆயினும் அந்த நொடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாங்கி அணிவித்தால் என்ன குறைந்துவிடும் என்ற எண்ணம் இருவர் கண்ணிலும் இருந்தது.

அப்போது அருகில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் குறுக்கிட்டார். “நீலம் சனியோட கல்லும்மா. எல்லாருக்கும் ஒத்துக்காது. ஜாதகம் பார்க்காம போட்டுடாதீங்க” என்று அக்கறையுடன் எச்சரித்தார்.

ஒரே கல். ஒருவருக்கு அது காவல்; மற்றவருக்கு அது கேடு. எங்கள் மனம் விழித்துக்கொண்டது.

மாதத்துக்கு ஒரு கல் என்று இன்று கடைகளில் வழங்கும் பட்டியல், 1912ஆம் ஆண்டில் அமெரிக்க நகை வணிகர் சங்கம் வகுத்தது. பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. டிசம்பர் மாதத்துக்குரிய தான்சானைட் 2002இல்தான் அதில் சேர்ந்தது. அக்கல் தான்சானியாவில் கண்டறியப்பட்டதே 1967இல். நம் நாட்டு நவரத்தின மரபிலோ மாணிக்கம் சூரியனுக்கும் நீலம் சனிக்கும் உரியவை. சோதிடத்தில் அவ்விரண்டும் பகைக் கோள்கள். ஆனால் மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஒரே கனிமமே. சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம்.

நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அம்மரணத்துக்காகவே அது நிகழ்ந்தது என்று மக்கள் பேசினர். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனோ சந்திரனோ மறைக்கப்படுவதில்லை என்று நபியவர்கள் திருத்தினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த துயரத்திலும் அந்தத் தெளிவு குன்றவில்லை. ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட உமர் (ரலி) அவர்களும், அது நன்மையோ தீமையோ செய்யாத கல் என்றும், நபியவர்கள் முத்தமிட்டதாலேயே தாமும் முத்தமிடுவதாகவும் அறிவித்தார்கள். கஅபாவின் கல்லுக்கே இந்த நிலை என்றால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கல்லுக்கு ஏது ஆற்றல்?

கல் நகை அணிவதே தவறு என்று நாங்கள் கூறவில்லை. நபி (ஸல்) அவர்கள் அணிந்த வெள்ளி மோதிரத்தில் அபிசீனியக் கல் இருந்ததாக ஹதீஸ் உண்டு. சூரா அர்ரஹ்மான் முத்தையும் பவளத்தையும் மாணிக்கத்தையும் குறிப்பிடுகிறது. காயல்பட்டினத்து முஸ்லிம்கள் பலர் தலைமுறை தலைமுறையாக மாணிக்க வணிகம் செய்தவர்கள். அழகுக்காக வாங்குவோர் நிறத்தையும் வேலைப்பாட்டையும் பார்த்து வாங்கலாம். ஆய்வகச் சான்றிதழைக் கேட்கலாம். கல்லின் எடையைத் தங்கத்தின் எடையிலிருந்து கழித்திருக்கிறார்களா என்று பார்க்கலாம்.

ஆனால் அன்று எங்கள் நிலை வேறு. அந்த மோதிரத்தை அணிவித்து, குழந்தை நலமாகப் பிறந்தால், உள்ளத்தின் ஒரு மூலை கல்லுக்கு நன்றி சொல்லும். வேறு விதமாக நடந்தால் கல்லைக் குறை கூறும். இரண்டுமே அல்லாஹ்வுக்குரிய இடத்தில் வேறொன்றை வைப்பதாகும். கல்லில் குற்றமில்லை, அச்சத்துடன் அதை நோக்கிய எங்கள் பார்வையில்தான் குற்றம் இருந்தது. ஆகவே கல் இல்லாத ஓர் எளிய தங்க மோதிரத்தை வாங்கிக்கொண்டு எழுந்தோம்.

அடையாற்றில் உள்ள மகள் வீட்டுக்குச் சென்று மோதிரத்தைக் கொடுத்தோம். கடையில் தடுமாறியதையும் மறைக்காமல் சொன்னோம். அவள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, “எனக்கும் தினம் ராத்திரி அந்தப் பயம் வருது உம்மா. மோதிரம் இருக்கட்டும், நீங்களும் வாப்பாவும் கொஞ்ச நாள் இங்கேயே இருங்க” என்றாள்.

அவளுக்குத் தேவையான பரிசு எதுவென்று எந்தப் பட்டியலும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவளிடம் நாங்களும் கேட்டிருக்கவில்லை. இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறோம். தஹஜ்ஜுத் வேளையில் மூவரும் கையேந்துகிறோம். அச்சம் முற்றிலும் அகன்றுவிடவில்லை, ஆனால் அதை யாரிடம் ஒப்படைப்பது என்பதில் குழப்பமில்லை.

அவன் மீதே முழு நம்பிக்கை வைக்கும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. எங்கள் மகளுக்காகவும் துஆ செய்யுங்கள். ஆமீன்.