கதவைச் சாத்திச் சுட்ட கறி

போன தை மாதம் தோழர் ஒருவர் தன் மகன் பிறந்தநாளுக்கு எங்களைப் பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூப்பிட்டிருந்தார். அம்மாவும் வந்தாள். மேசைக்கு நடுவில் ஒரு குழி. அதில் இரும்புப் பெட்டி நிறையக் கரிக்கங்கு. கம்பியில் கோத்த கோழித்துண்டுகளைக் கொண்டுவந்து மேலே வைத்துவிட்டுப் போனார் பரிமாறுகிற தம்பி. அவரவரே திருப்பிப்போட்டுச் சுட்டுத் தின்ன வேண்டும். அம்மா கங்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்டாள்.

“ஏட்டி, இதுக்கா தலைக்கு இத்தன ரூவா வாங்குதாவ? இதச் சுட்டதுக்குத்தான நம்மள வீட்டக் காலி பண்ணச் சொன்னாவ?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன சிரிப்பு என்று தோழர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கம். கன்னடியன் கால்வாய் பாய்கிற ஊர். வயல் அவர்களுக்கு, நாற்று நடுவதும் களை பறிப்பதும் கதிர் அறுப்பதும் எங்களுக்கு. பறத்தெருவில் அன்றைக்குச் சமையல்கட்டு என்று தனியாக ஒன்று யாருக்கும் கிடையாது. திண்ணைக்கு வெளியே மூன்று கல். சோறு பொங்கி இறக்கியதும் அந்தக் கங்கைத் தள்ளி வைத்து அதில்தான் மிச்சத்தைச் சுடுவோம். வயல் நண்டைக் காலை ஒடித்துப் போட்டால் ஓடு சிவந்து வரும். ஆற்றுக் கெண்டையை வாழை இலையில் சுற்றி வைப்போம். பனங்கிழங்கு, அறுப்புக் காலத்தில் வரப்பு வெட்டிப் பிடித்த எலி, எல்லாம் கங்குதான். எண்ணெய் வாங்கக் காசில்லாத வீட்டில் சுடுவதுதானே சமையல்.

மாட்டுக்கறிக்கு மட்டும் தனி மரியாதை. அன்றைக்கு மட்டும் அப்பா கரி வாங்கி வருவார். வருஷம் முழுக்க அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன், அன்றைக்கு யாரையும் கிட்ட விடமாட்டார். கரி பழுத்து மேலே சாம்பல் பூக்கிறவரைக்கும் கறியை வைக்கக்கூடாது. அவசரப்பட்டால் மேலே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளை உப்புப்போட்டு விளக்கி வைத்திருப்பார். உப்பு, மஞ்சள், அம்மியில் அரைத்த வத்தலும் பூண்டும். வேறு ஒன்றும் கிடையாது. கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் உப்புத் தண்ணீரை விரலால் தெளித்து அடக்குவார். ஈரல்தான் முதலில் வேகும். அது பிள்ளைகளுக்கு. நான் வயசுக்கு வந்தபோது ஆட்டுச் சுவரொட்டி வாங்கிவந்து சுட்டுக் கொடுத்தார், ரத்தம் ஊறும் என்று.

மிஞ்சிய கறி உப்புக்கண்டம். வார்வாராக அறுத்து உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் காயப்போட்டு, காக்கா விரட்ட ஆச்சி கம்போடு உட்கார்ந்திருப்பாள். அப்புறம் ஒரு மாதத்துக்குப் பழைய சோற்றுக்கு அதுதான். ஒரு துண்டைக் கங்கில் காட்டி, அம்மியில் வைத்துக் குழவியால் நாலு தட்டுத் தட்டினால் நாராகப் பிரியும். அந்த வாசத்துக்குத் தெருவே வந்து நிற்கும்.

1999 ஜூலை 23ஆம் தேதி கொக்கிரகுளத்தில் மாஞ்சோலைத் தொழிலாளிகள் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து ஆற்றில் விரட்டியது. 17 பேர் செத்துப் போனார்கள். அந்த ஆடியில் எங்கள் தெருவில் யாரும் ஆற்றுமீன் சுடவில்லை. யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. சுடவில்லை, அவ்வளவுதான்.

கரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி, என் மாமா, விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டத்துக்குப் போனவர். சீமைக்கருவேலத்தை வெட்டி, துண்டு போட்டு, வட்டமாக அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் போட்டு ஈரமண்ணால் பூசி மூடி, ஓட்டை வழியாகத் தீ வைப்பார்கள். விறகு எரியக்கூடாது, புழுங்க வேண்டும். காற்று அதிகமாகப் போனால் கரி சாம்பலாகிவிடும். குறைந்தால் வேகாத கட்டை. புகையின் நிறத்தைப் பார்த்துத்தான் கணக்கு. வெள்ளையாகக் கெட்டியாக வருகிற புகை மெலிந்து நீலமானால் மூட்டம் வெந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரைக்கும் ராத்தூக்கம் கிடையாது. எங்காவது மண் பிளந்தால் ஓடிப்போய் அப்ப வேண்டும். நாலு கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி தேறினால் பெரிது. பொம்பளைகள் கரியைப் பொறுக்கி மூட்டை பிடிப்பார்கள். மாமா ஊருக்கு வந்தால் இரண்டு நாளைக்குக் காறித் துப்புவது கறுப்பாக இருக்கும். அந்த ஓட்டல் மேசையில் கனன்றதும் இப்படி யாரோ ஒருவர் தூங்காமல் காத்த கரிதானே.

எம்.ஏ. தமிழ் படிக்கப் போன இடத்தில் பொருநராற்றுப்படை பாடம். கரிகாலன் அரண்மனையில் பொருநனுக்குக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த கறி கொடுக்கிறார்கள். சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி ஒற்றித் தின்கிறான். இரவும் பகலும் கறி தின்று, கொல்லை உழுத கொழுவைப்போலப் பல் மழுங்கிவிட்டதாம். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. ஆசிரியர் அதை விருந்தோம்பல் என்று நடத்தினார். சரிதான். அகநானூறு 309ஆம் பாட்டில் மழவர்கள் கொழுத்த பசுவைக் கொன்று, வேப்பமரத்துத் தெய்வத்துக்கு ரத்தம் தூவிவிட்டுக் கறியைச் சமைத்துத் தின்கிறார்கள். அதை எடுத்துக் கேட்டேன். “அது வேறம்மா, அது பழைய காலம்” என்றார். சுட்ட கறி பாட்டில் இருந்தால் பண்பாடு. எங்கள் வீட்டுக் கொடியில் தொங்கினால் நாற்றம்.

வேலைக்காகப் பாளையங்கோட்டைக்கு வந்தோம். நான், வீட்டுக்காரர், மூன்று வயது மகன், துணைக்கு அம்மா. வீடு தேடிய கதையை எழுதினால் இந்த இதழ் பூராவும் அதற்கே போய்விடும். கடைசியில் ஒரு மாடிவீடு கிடைத்தது. ஆள் யார் என்று நேராகக் கேட்கவில்லை. “சொந்த ஊர்ல எந்தத் தெரு?” என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் ஏதோ ஒரு கோயில் பெயரைச் சொல்லிச் சமாளித்தார். நானும் வாய் திறக்கவில்லை. மேடையில் பேசுகிறவள்தான் நான்.

அந்த வீட்டில் கறி எடுத்தால் குக்கர். குக்கரில் வேகிற மாட்டுக்கறியை ஆட்டுக்கறி என்று சொல்லிவிடலாம். மசாலா அள்ளிப் போட்டால் வாசத்தை அமுக்கிவிடலாம். சுடுகிற கறியை அப்படி மறைக்க முடியாது. அதனால் சுடுவதையே விட்டுவிட்டோம்.

2017இல் நடந்தது இது. மாட்டுச்சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்கக்கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்த அந்த மே மாதத்துக்கு அப்புறம், அதே வருஷம் ஐப்பசி மழையில். ஊரிலிருந்து ஆச்சி உப்புக்கண்டம் கொடுத்துவிட்டிருந்தாள். அம்மாவுக்கு ஆசை. ஒரு கரியடுப்பு வாங்கி வைத்திருந்தோம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் சமையலறையில் அடுப்பைப் பற்றவைத்து, கதவைச் சாத்தி, ஜன்னலை அடைத்து, வாசல் கதவுக்கு அடியில் ஈரத்துணியையும் திணித்தோம். வாசம் கீழே போகக்கூடாது. அது ஒன்றுதான் எங்கள் கவலை. சுட்டோம், தின்றோம். கங்கு இன்னும் இருந்தது. மழைக்குளிருக்கு இதமாக இருக்கிறதென்று அப்படியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

எனக்குத்தான் முதலில் தலைவலி. அம்மா வாந்தி எடுத்தாள். மடியில் தூங்குகிறான் என்று நினைத்த மகனை எழுப்பினேன், தலை துணிபோலத் தொங்கியது. வீட்டுக்காரர் எப்படியோ ஊர்ந்துபோய்க் கதவைத் திறந்தார். ஆட்டோ பிடித்து ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆக்சிஜன் வைத்தார்கள். விடியக்காலம் அவன் “அம்மா” என்றான்.

மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு வரும். ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளுமாம். டாக்டரம்மாதான் விளக்கினார். அதற்கு வாசமே கிடையாது. வாசத்துக்குப் பயந்து அடைத்தோம். வாசமில்லாத ஒன்று பிள்ளையைக் கொல்லப் பார்த்தது. “ஏம்மா, படிச்சவங்களா இருக்கீங்க, கரியடுப்ப வச்சிக்கிட்டு யாராவது கதவச் சாத்துவாங்களா?” என்று அவர் கேட்டார். நல்ல மனுஷி, அக்கறையில்தான் கேட்டார். “கொசு” என்றேன். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வீட்டுக்கார அம்மாவுக்கு எப்படியும் தெரிந்துவிட்டது. ஈரத்துணியெல்லாம் ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் படியேறி வந்து பிள்ளை எப்படி இருக்கிறான் என்று விசாரித்துவிட்டு, “அது என்ன கறிம்மா?” என்றார். அம்மா பேசாமல் நின்றாள். ஒரு மாதத்தில் காலி பண்ணச் சொன்னார். காரணம், கரியடுப்பு ஆபத்தாம்.

இதைச் சொன்னால் நம் தோழர்களிலேயே சிலர், மாட்டுக்கறியை விட்டுத் தொலைத்தால் என்ன என்கிறார்கள். அம்பேத்கரே சொல்லவில்லையா என்கிறார்கள். 1927இல் மகாத்தில் செத்தமாட்டுக்கறியை விடச் சொன்னது நிஜம். எங்கள் ஊரிலும் அப்பா காலத்தில்தான் செத்தமாடு தூக்குவதை நிறுத்தினார்கள். அதற்காக ஒரு வருஷம் வயல்வேலை இல்லாமல் கிடந்தார்கள். அது மரியாதைக்காகச் செய்தது. அதே அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதோர் யார் என்று எழுதிய நூலில், தீண்டாமைக்கு வேர் தேடிப்போய் மாட்டுக்கறியில்தான் வந்து நிற்கிறார். யார் எதைத் தின்றார்கள் என்பதை வைத்து யாரைத் தள்ளி வைத்தார்கள் என்பது அவர் கேள்வி. அதைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள் என்று எனக்குச் சொல்கிறவர்களை என்ன சொல்வது?

எங்கள் சேரன்மகாதேவிக்கு ஒரு பழைய பெயர் உண்டு. 1924–25இல் வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு போட்டதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் சண்டை போட்டார்கள். நியாயமான சண்டை. ஆனால் சமபந்தி கேட்டவர்களுடைய இலையிலும் எங்கள் கறி கிடையாது. இன்றைக்கும் அதே கதைதான். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது மாட்டுப் பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் திருவிழாவையே தள்ளி வைத்தார்கள்.

இப்போது ஊரிலேயே வீடு கட்டிவிட்டோம். சின்ன வீடுதான், மொட்டைமாடி இருக்கிறது. அப்பா இல்லை. அவருடைய சைக்கிள் கம்பிகள் இருக்கின்றன. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் கரி போடுகிறோம். சாம்பல் பூக்கிறவரை காத்திருக்க என் மகனுக்குப் பொறுமை கிடையாது. கையில் ஒன்று வைக்கிறேன். காற்று மேற்கே அடித்தால் வாசம் வாய்க்காலைத் தாண்டி ஊருக்குள் போகும். போகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா மட்டும் இடையிடையே எழுந்துபோய் மாடிப்படிக் கதவைச் சாத்திவிட்டு வருகிறாள். நான் போய்த் திறந்து வைக்கிறேன்.